மூச்சை எண்ணியவர்கள்

9 நவம்பர் 2024, சனி

வருகிற செவ்வாய்க்கிழமை உலக நிமோனியா நாள். அன்றைக்கு எங்கள் வட்டாரத்துச் செவிலியர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் ஒரு மணி நேரம் பேசச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: நிமோனியா, சுவாசத் தொற்று ஆராய்ச்சியில் உலகின் முன்னணி மையங்கள். குழந்தைகள் வார்டு சிஸ்டர் கடிதத்தைப் படித்துவிட்டு, "அமெரிக்கா, லண்டன்னு நாலு பேரு எழுதிட்டா முடிஞ்சுது மேடம்" என்றார்.

எழுதலாம்தான். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தை விட்டுவிட்டு நிமோனியாவின் வரலாற்றைச் சொல்லவே முடியாது. ஆஸ்வால்ட் ஏவரி அங்கே நியூமோகாக்கஸ் என்ற ஒரே கிருமியோடு பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார். நிமோனியாவுக்கு மருந்து தேடத் தொடங்கியவர், 1944-ல் மெக்லியோட், மெக்கார்ட்டி என்ற இருவரோடு சேர்ந்து, பரம்பரைக் குணத்தைக் கடத்தும் பொருள் டி.என்.ஏ.தான் என்று காட்டினார். இன்றைய உயிரியல் முழுவதும் அந்த ஒரு கட்டுரைக்குக் கடன்பட்டிருக்கிறது.

இருந்தாலும் இன்று காலை ரவுண்ட்ஸில் நான் செய்தவற்றை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். மூச்சை எண்ணி நோயைப் பிடிப்பது பப்புவா நியூ கினியாவின் மலை ஊர் ஒன்றிலும் நம் வேலூரிலும் உருவானது. ஊசி இல்லாமல் மாத்திரையிலேயே நெஞ்சு சளியைக் குணப்படுத்தலாம் என்ற துணிவு பாகிஸ்தானின் கிராமங்களிலிருந்து வந்தது. ஓரத்துக் கட்டிலில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் பாட்டில் டாக்காவிலிருந்து வந்தது. புதன்கிழமை போடும் தடுப்பூசிக்கு ஆப்பிரிக்காவின் காம்பியா சாட்சி. இவை எல்லாமே குழந்தைகள் கூட்டம் கூட்டமாக இறந்துகொண்டிருந்த ஊர்கள். சாவு நடந்த இடத்திலேயே உட்கார்ந்து, அதைப் பார்த்து, எண்ணி, எழுதியவர்களின் ஊர்கள். இவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

12 நவம்பர், செவ்வாய்

பேசி முடித்தாயிற்று. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நடந்ததிலிருந்து தொடங்கினேன்.

பப்புவா நியூ கினியாவின் கிழக்கு மலைப்பகுதியில் கொரோகா என்று ஓர் ஊர். அங்கே இருக்கிறது அந்நாட்டின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். மலைக் கிராமத்து சுகாதார நிலையங்களில் டாக்டர் கிடையாது, எக்ஸ்ரே கிடையாது. கொஞ்சம் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் இருப்பார். இருமலோடு வரும் நூறு குழந்தைகளில் யாருக்குச் சாதாரணச் சளி, யாருக்கு நிமோனியா என்று அவர் எப்படிப் பிரிப்பார்? ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் சத்தத்தை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். காய்ச்சல் எல்லாச் சளியிலும் உண்டு. ஆஸ்திரேலியக் குழந்தை மருத்துவர் ஃபிராங்க் ஷானும் கூட்டாளிகளும் அந்த இருமல் குழந்தைகளை வரிசையாகப் பரிசோதித்து, எந்த அறிகுறி நோயோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்தார்கள். 1984-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது அவர்களின் விடை. மூச்சு நிமிடத்துக்கு 50-ஐத் தாண்டினால் நிமோனியா என்று எடுத்துக்கொண்டு ஆன்டிபயாட்டிக் கொடு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்வாங்கினால் மருத்துவமனைக்கு அனுப்பு. படிப்பறிவு குறைந்தவரும் பின்பற்றக்கூடிய விதி இது.

அடுத்துச் சொன்னது அறையில் இருந்த பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் குழுவினர் இதே கேள்வியை நம் குழந்தைகளிடம் சோதித்து 1988-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஒரு வயதுக்குள் 50-க்கு மேல், ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு 40-க்கு மேல் என்று வயதைப் பார்த்து வரம்பைப் பிரித்தால் நோய் தப்பாது என்று காட்டினார்கள். 50, 40 என்று இன்று உலகம் முழுக்கச் சுகாதார ஊழியர்கள் மனப்பாடமாகச் சொல்லும் எண்களில் வேலூரின் பங்கு இருக்கிறது. எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேரக்கூடிய ஊர் அது. முன்னணி மையம் என்றால் வெளிநாடு என்று நினைத்துக்கொண்டிருந்த முகங்கள் அப்போது மலர்ந்ததைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

பிறகு ஒரு வீடியோ போட்டேன். அம்மா மடியில் சட்டை கழற்றிய குழந்தை, தூக்கமும் விழிப்புமாக. எண்ணுங்கள் என்றேன். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கியவர்கள் 44 என்றும் 60 என்றும் சொன்னார்கள். முழு நிமிடமும் எண்ணியவர்கள் எல்லோரும் 53, 54 என்று ஒரே இடத்துக்கு வந்தார்கள். சின்னக் குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. நாலைந்து வேகமாக வரும், நின்று ஒரு இழுப்பு வரும், மறுபடி ஓடும். அதனால்தான் முழு நிமிடம். அழும்போது எண்ணக் கூடாது, பால் குடிக்கும்போது எண்ணக் கூடாது. மூன்றாவது முறை போட்டபோது அறையில் பேச்சுமூச்சு இல்லை. வயதில் மூத்த ஒரு செவிலியர் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

14 நவம்பர், வியாழன்

அந்த மூத்த செவிலியர் இன்று போனில் கூப்பிட்டார். "மேடம், நாங்க எண்ணுவோம். எங்க ஊர் ஆயாங்க எப்படி எண்ணுவாங்க? அவங்கதானே புள்ளைய மடியில வெச்சிருக்காங்க?"

நல்ல கேள்வி. இதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் பதில் இருக்கிறது. காடு சூழ்ந்த அந்த மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் தம்பதி சர்ச் (SEARCH) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எழுத்தறிவு குறைந்த கிராமத்து ஊழியர்களுக்கும் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளுக்கும் நிமோனியாவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்து, கையில் மாத்திரையும் கொடுத்தார்கள். எண்ணத் தெரியாதவர்களுக்காக ஒரு கருவி செய்தார்கள்: ஒரு நிமிடத்தில் கொட்டி முடியும் மணல் கடிகாரம், பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீர்வதற்குள் சிவப்பு மணியைத் தொட்டுவிட்டால் நிமோனியா.

1990-ல் அவர்கள் லான்செட்டில் எழுதிய கணக்கை வகுப்பெடுக்கும்போதெல்லாம் சொல்கிறேன். கிராம ஊழியர்கள் மருந்து கொடுத்த நிமோனியாக் குழந்தைகளில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, 0.8 சதவீதம். பயிற்சி கிடைக்காத பக்கத்துக் கிராமங்களில் 13.5 சதவீதம். ஒரே காடு, ஒரே வறுமை, ஒரே கிருமி. நடுவில் இருந்தது பயிற்சி பெற்ற ஒரு கிராம ஊழியர் மட்டும்தான்.

அந்தச் செவிலியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நம்ம ஊர்ல பூ கட்டுறவங்க எண்ணாம கட்டுவாங்களா மேடம், சொல்லிக்கொடுத்துடலாம்" என்று வைத்தார்.

17 நவம்பர், ஞாயிறு

இரவு முழுக்க மழை. பதினோரு மணிக்கு ஏழு மாத ஆண் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "மூணு நாளா சளி டாக்டரம்மா. சாயந்திரத்துலேர்ந்து பால் குடிக்க மாட்டேங்குது. வவுறு தூக்கித் தூக்கிப் போடுது" என்றார் ஆயா. அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. மூச்சு 72. விலா எலும்புகளுக்கு நடுவே பள்ளம் விழுந்தது. மூக்குத் துவாரம் ஒவ்வொரு இழுப்புக்கும் விரிந்தது. ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 86 காட்டியது.

மூக்குக் குழாயில் ஆக்சிஜன் வைத்ததும் 92-க்கு ஏறியது. ஆனால் உழைப்பு குறையவில்லை. இப்படியே போனால் விடிவதற்குள் களைத்துவிடும். குமிழி சிபேப் போட்டோம். மூச்சை வெளியே விடும் குழாயின் நுனி, அளவு குறித்த பாட்டிலில் தண்ணீருக்குள் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். குழந்தை ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரின் அழுத்தத்தைத் தள்ளித்தான் மூச்சை விட வேண்டும். அதனால் நுரையீரலின் சிற்றறைகள் முழுக்க மூடிக்கொள்வதில்லை. ஒட்டிக்கிடக்கும் புது பலூனின் முதல் ஊதலுக்குத்தான் கன்னம் வலிக்கும், பாதி விரிந்ததற்கு அவ்வளவு பலம் வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அப்போதுதான் அவர் முதல் முறையாகத் தலையசைத்தார்.

இந்தப் பாட்டிலின் கதை டாக்காவில் இருக்கிறது. அங்கே மகாகாலி பகுதியில் ஐசிடிடிஆர்,பி என்ற பெரிய ஆராய்ச்சி மருத்துவமனை. 1960-ல் காலரா ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. உப்புச் சர்க்கரைக் கரைசலை உலகுக்குக் கொடுத்த இடங்களில் ஒன்று. அங்கே பணியாற்றும் முகமது ஜோபாயர் சிஸ்தி, 1996-ல் சில்ஹெட்டில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரே இரவில் மூன்று குழந்தைகள் நிமோனியாவில் இறப்பதைப் பார்த்தவர். ஏதாவது செய்வேன் என்று அன்றைக்கே மனதில் உறுதி எடுத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். பின்னால் மெல்போர்னில் இந்தக் குமிழிக் கருவியைப் பார்த்தார். அதன் விலை அவருடைய ஊருக்குக் கட்டுப்படியாகாது. தூக்கிப்போட்ட ஷாம்பூ பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, சாதாரண பிளாஸ்டிக் குழாயைச் செருகி அதே வேலையைச் செய்ய வைத்தார்.

வைத்ததோடு நிற்காமல் முறையாகச் சோதித்தார் என்பதுதான் எனக்கு அவர்மேல் மரியாதை. 2011 முதல் 2013 வரை 225 குழந்தைகள். சாதாரண மூக்குக் குழாய் ஆக்சிஜன் பெற்றவர்களில் 15 சதவீதம் பேர் இறந்தார்கள். குமிழி சிபேப் பெற்றவர்களில் 4 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2015-ல் லான்செட்டில் வந்தது.

இதோடு இன்னொன்றையும் எழுதி வைக்க வேண்டும். மலாவியின் சலிமா மாவட்ட மருத்துவமனையில் 644 குழந்தைகளிடம் சிபேப்பைச் சோதித்தபோது நேர்மாறாக முடிந்தது. சிபேப் வைத்த குழந்தைகளில் 17 சதவீதம் பேர் இறந்தார்கள்; சாதாரண ஆக்சிஜனில் 11 சதவீதம். அங்கே மருத்துவர்கள் நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து கவனிக்கும் ஏற்பாடு இல்லை. டாக்காவில் இருந்தது. பாட்டிலும் குழாயும் எங்கேயும் கிடைக்கும். மூக்கில் சளி அடைத்திருக்கிறதா, வயிறு காற்றால் உப்புகிறதா, குழந்தை களைக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். அதனால் இரவு சிஸ்டர் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. நானும் வீட்டுக்குப் போகவில்லை. நான்கு மணிக்கு மூச்சு 54. ஆறரைக்குக் குழந்தை அழுதது, பசித்து அழுகிற அழுகை.

20 நவம்பர், புதன்

தடுப்பூசி நாள். ஒன்றரை மாதக் குழந்தைகளின் தொடையில் நியூமோகாக்கல் ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் என்று மூன்று தவணை. தமிழ்நாட்டில் இது 2021 ஜூலையில்தான் அரசுத் தடுப்பூசி அட்டவணைக்குள் வந்தது. அதற்கு முன்னால் தனியாரில் ஒரு தவணைக்கே சில ஆயிரம் ரூபாய். காசுள்ள வீட்டுக் குழந்தைக்குக் கிடைத்தது, மற்றவர்களுக்கு இல்லை.

இந்த ஊசி உயிர் காக்கும் என்று உறுதி செய்த ஆய்வுகளில் முக்கியமானது காம்பியாவில் நடந்தது. ஆற்றை ஒட்டி நீளும் மிகச் சிறிய நாடு அது. அங்கே ஃபஜாராவில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1947-ல் தொடங்கிய கிளை இருக்கிறது. உள்நாட்டில் பாஸே வட்டாரத்தில் 17,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஊசியோ போலி ஊசியோ போட்டு, எக்ஸ்ரே எடுத்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2005-ல் முடிவு வந்தது. எக்ஸ்ரேயில் தெரியும் நிமோனியா 37 சதவீதம் குறைந்தது. எந்தக் காரணத்தாலும் ஏற்படும் சாவு 16 சதவீதம் குறைந்தது. ஒரு தடுப்பூசி மொத்தச் சாவையே குறைத்தது என்று காட்டுவது மிக அரிது. கைக்கெட்டும் தூரத்தில் மருத்துவமனை இல்லாத ஊரில்தான் அது தெளிவாகத் தெரியும்.

எனக்கு ஆறாத கோபமும் இதில்தான். அமெரிக்காவில் இந்த வகை ஊசி 2000-லேயே வழக்கத்துக்கு வந்துவிட்டது. தங்கள் பிள்ளைகளை ஆய்வுக்குக் கொடுத்த காம்பியாவுக்கு அது 2009-ல்தான் போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-ல்தான் நாடு முழுக்க வந்தது. நடுவில் போன குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது? வேலூரில் குரியன் தாமஸ் குழுவினர் பல மருத்துவமனைகளைச் சேர்த்து, நம் நாட்டில் நியூமோகாக்கஸ் எவ்வளவு உயிரைக் குடிக்கிறது என்று 1999-லேயே எழுதி வைத்திருந்தார்கள். ஆதாரம் இருந்தும் இருபது வருடம் ஆனது. இதை மெல்லிய வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புனே சீரம் நிறுவனம் குறைந்த விலையில் நியூமோசில் என்ற ஊசியைத் தயாரித்தபோது, அதையும் காம்பியாவின் 2,250 கைக்குழந்தைகளிடம்தான் சோதித்தார்கள். அந்த அம்மாக்களுக்கு நம் வீட்டுக் குழந்தைகள் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

24 நவம்பர், ஞாயிறு

பக்கத்துக் கிராமத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். கேஸ் அடுப்பு கூடத்தில் துணி போர்த்தி இருந்தது. கொல்லையில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளறையில் குளிப்பாட்டிய பச்சைக் குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தை முகத்தைச் சுளித்து இருமியது. புகையை மட்டும் தள்ளி வைக்கச் சொன்னேன். "தலை காய வேணாமாம்மா?" என்றார் பெரியவர் ஒருவர். துணியால் துவட்டிவிட்டால் போதும் என்று துவட்டிக் காட்டினேன்.

புகைக்கும் நிமோனியாவுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலும் நாகப்பட்டினத்திலும் நடந்தது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் இங்கே நடத்தினார்கள். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளிலும் அதே நேரத்தில் நடந்தது. நாட்டுக்கு 800 பேர் வீதம் 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு இலவச கேஸ் அடுப்பும் சிலிண்டரும். அவர்கள் சுவாசித்த நுண்தூசி விறகடுப்புக்காரர்களைவிட மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் 2024 தொடக்கத்தில் வந்த முடிவில், ஒரு வயதுக்குள் கடும் நிமோனியா வருவது குறிப்பிடும்படி குறையவில்லை.

எல்லோரும் வேறு முடிவைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். அதை மறைக்காமல், மெழுகாமல் வெளியிட்டார்கள். நல்ல மையம் எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். விறகுப் புகை நல்லது என்று இதற்கு அர்த்தம் கிடையாது. அந்த அம்மாக்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேஸ் அடுப்பு தேவைதான். அடுப்பை மாற்றியதோடு நிமோனியாவுக்குச் செய்ய வேண்டியது முடிந்துவிட்டது என்று நாம் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதே இங்கிருந்து நான் எடுத்துக்கொண்டது.

28 நவம்பர், வியாழன்

புறநோயாளிப் பிரிவில் கூட்டம் தாங்கவில்லை. ஒரு தகப்பனார் ஊசி போட்டே ஆக வேண்டும் என்று நின்றார். குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது, இருமல் இருக்கிறது, மூச்சு 36, நெஞ்சு உள்வாங்கவில்லை, சிரிக்கிறது. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது என்று விளக்கி, மூச்சை எண்ணக் கற்றுக்கொடுத்து அனுப்பினேன்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் முன்நின்று வங்கதேசம், காம்பியா, கென்யா, மாலி, தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து, சாம்பியா ஆகிய ஏழு நாடுகளில் நடத்திய பெர்ச் ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. மருத்துவமனையில் சேர்ந்த கடும் நிமோனியாக் குழந்தைகளில் ஐந்தில் மூன்று பங்குக்குக் காரணம் வைரஸ், அதிலும் ஆர்.எஸ்.வி. என்ற ஒன்று மட்டுமே மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வருகிறது. அதற்கு எதிராகக் கர்ப்பிணிகளுக்கு ஒரு தடுப்பூசியும் பிறந்த குழந்தைக்கு ஓர் ஆன்டிபாடி ஊசியும் மேலை நாடுகளில் வந்துவிட்டன. நம் அரசு அட்டவணையில் இன்னும் இல்லை. நியூமோகாக்கஸ் ஊசிக்குக் காத்திருந்த மாதிரி இதற்கும் இருபது வருடம் காத்திருக்க வேண்டாம்.

1 டிசம்பர், ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.யை ஒட்டி மழை. நேற்று மாலை கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது, டீசலை அளந்து அளந்து ஊற்றினார்கள். ஆக்சிஜன் செறிவூட்டிகளை நிறுத்திவிட்டு சிலிண்டருக்கு மாறினோம். கட்டிலில் இருந்த நான்கு குழந்தைகளுக்கும் மணிக்கு ஒருமுறை ஆக்சிமீட்டர் வைத்து, யாருக்குக் குறைக்கலாம், யாருக்கு நிறுத்தலாம் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தோம். அந்தச் சின்னக் கருவி இல்லாவிட்டால் இருட்டில் யாருக்கு எவ்வளவு என்று தெரிந்திருக்காது. அதன் அடிப்படையை 1970-களில் ஜப்பானில் கண்டுபிடித்தவர் தகுவோ அவோயாகி என்ற பொறியாளர்.

மறுபடியும் பப்புவா நியூ கினியாதான் நினைவுக்கு வந்தது. அங்கே ஐந்து மருத்துவமனைகளில் டிரெவர் டியூக் குழுவினர் ஆக்சிஜன் செறிவூட்டியும் ஆக்சிமீட்டரும் வைத்து, பழுது பார்க்கவும் ஏற்பாடு செய்தார்கள். நிமோனியாக் குழந்தைகளின் இறப்பு 5 சதவீதத்திலிருந்து 3.2 சதவீதமாக இறங்கியது. புது மருந்து எதுவும் கிடையாது. கருவி இருந்தது, அது ஓடியது, எப்போது வைப்பது என்று செவிலியருக்குத் தெரிந்தது.

3 டிசம்பர், செவ்வாய்

தென்பெண்ணை கரை புரண்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி நேற்று ரயில்களை நிறுத்தியிருந்தார்கள். பல கிராமங்களுக்கு வழி இல்லை. காலையில் அந்த மூத்த செவிலியரின் போன். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, மூச்சு 52, நெஞ்சு லேசாக உள்வாங்குகிறது. "ரோட்ல இடுப்பளவு தண்ணி மேடம். எப்படிக் கொண்டாறது?"

பால் குடிக்கிறதா? குடிக்கிறது. வாந்தி? இல்லை. முழித்துப் பார்க்கிறதா? பார்க்கிறது. ஆக்சிமீட்டர்? 96. அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்து, எடைக்குத் தக்க அளவில் இரண்டு வேளை, ஐந்து நாள் கொடுக்கச் சொன்னேன். மூன்று மணிக்கு ஒருமுறை பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும். பால் மறுத்தாலோ 90-க்குக் கீழே போனாலோ படகு கேட்க வேண்டும்.

முன்பெல்லாம் நெஞ்சு உள்வாங்கினால் கட்டாயம் ஊசி, கட்டாயம் வார்டு. பாகிஸ்தானில் தபிஷ் ஹாசிர் குழுவினர் 2,037 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மருத்துவமனையில் ஊசியோடும் மறு பாதியை வீட்டில் அமாக்சிசிலினோடும் பார்த்தார்கள். சிகிச்சை பலிக்காமல் போனது முதல் பாதியில் 8.6 சதவீதம், வீட்டில் 7.5 சதவீதம். அது 2008. பிறகு ஹரிப்பூர் மாவட்டத்தில் கிராமத்துப் பெண் சுகாதார ஊழியர்களே வீட்டுக்குப் போய் மருந்தைக் கொடுத்தபோது, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியதைவிட நன்றாகவே குணமானது. 2014-ல் உலக சுகாதார நிறுவனம் விதியை மாற்றியது.

வீட்டில் வைத்தே நெஞ்சு நோயைக் குணமாக்கலாம் என்பதை அதற்கும் முன்பே நிரூபித்தது நம் சென்னை. 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய நிறுவனமாக இருக்கிறது. நெரிசலான வீடுகளில் வைத்து மருந்து கொடுத்த நோயாளிகளும், சானடோரியத்தில் கட்டிலும் நல்ல சாப்பாடும் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை. குணமானதைப் பற்றிய கட்டுரை 1959-ல் வெளியானது. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு அது ஒரு பெரிய காரணம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு மருந்து கரைத்த அந்தச் செவிலியருக்குப் பின்னால் இத்தனை ஊர்களின் உழைப்பு இருக்கிறது.

இரவு எட்டு மணிக்குச் செய்தி வந்தது: மூச்சு 44, இட்லி கேட்கிறாள்.

6 டிசம்பர், வெள்ளி

பள்ளிக்கூடத்தில் நிவாரண முகாம். ஈரத் தரை, ஒரே அறையில் பத்துக் குடும்பம். சளி பரவ வேறென்ன வேண்டும். ஒலிபெருக்கியில் பேசச் சொன்னார்கள். சொன்னதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். கிராமங்களுக்கு அனுப்பும் துண்டுச் சீட்டுக்கும் இதுவேதான்.

ஐந்து வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டில் இருமலும் காய்ச்சலும் வந்தால், குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றைக்கே செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ வாருங்கள். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையாக இருந்தால் நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். எந்த வயதானாலும் நெஞ்சு உள்வாங்கினால், பால் குடிக்காமல் போனால், எழுப்பியும் எழாமல் சுணங்கினால், உதடு நீலம் பாய்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். மூன்று தவணை நியூமோகாக்கல் ஊசியும் அரசு மருத்துவமனையிலும் சுகாதார நிலையத்திலும் இலவசம். அட்டையை எடுத்துப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் வருகிற புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.